கடல் கடந்து வந்த மெட்டு

ஊர்விட்டு ஊர் பெயர்வோர் தம்மோடு கொண்டு செல்லும் பொருள்களுள் மிக இலேசானது பாட்டு. அதற்குப் பெட்டி வேண்டா, வழியில் சுங்கம் கேட்பார் இல்லை, களவாடுவாரும் இல்லை. ஆயினும் புதிய மண்ணில் அது பழைய உருவோடு நிலைப்பது அரிது. மொழி மாறும், தாளம் சற்றே நெகிழும், பாடுவோர் குரலின் இயல்புக்கேற்ப மெட்டு வளையும். சில தலைமுறை கழிந்தபின், தாய் நாட்டில் நின்ற பாட்டும் பெயர்ந்து சென்ற பாட்டும் எதிரெதிரே சந்தித்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளுமா என்பதே ஐயம்.

அவ்வாறு பிரிந்த இரு உடன்பிறப்புகளின் வரலாற்றையே ஈண்டுக் காண விழைகின்றோம். ஜெர்மன் நாட்டுத் தேவாலயங்களிற் பிறந்த சில மெட்டுகள், அந்நாட்டிலேயே தங்கி, 'காண்டாட்டா' என்னும் பேரிசைக்கு முதுகெலும்பாயின. அதே மெட்டுகள் ஏறக்குறைய அதே காலத்தில் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ்ச்சொல் பூண்டன. பின்னர்த் தமிழரோடு சேர்ந்து வேற்றூர்களுக்கும் சென்றன. பெங்களூரில் வாழும் தமிழர் பலர் தாம் அறிந்தோ அறியாமலோ இவ்வுறவின் ஒரு முனையைக் கையில் வைத்திருக்கின்றனர்.

காண்டாட்டா என்பது இத்தாலியச் சொல். 'பாடப்படுவது' என்பது அதன் பொருள். 'பரோக்' எனப்படும் இசைக்காலம் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலானது. அக்காலத்தில் இத்தாலியில் தோன்றிய இவ்வடிவத்தை, ஜெர்மானிய லூத்தரன் திருச்சபையினர் தங்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்கு உரியதாக்கிக் கொண்டனர். அன்றைய வேதவாசகத்தின் பொருளை இசையால் விரித்துரைப்பது அதன் பணி. பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்கு மேற்படாத அந்த இசையில் மூன்று உறுப்புகளைக் காணலாம். முதலாவது, தாளக் கட்டின்றிப் பேச்சைப்போல் ஓடும் பகுதி. நம் மேடைகளிற் பாடப்பெறும் விருத்தத்தை நினைவூட்டுவது. இரண்டாவது, ஒருவர் தனித்து நின்று ஓர் உணர்ச்சியைத் திரும்பத் திரும்ப நுணுக்கமாகப் பாடும் இசைப்பாட்டு. மூன்றாவது, ஊரார் அனைவரும் அறிந்த எளிய சபைப்பாட்டு. முதலிரண்டும் இசைவாணருக்கு உரியவை. மூன்றாவது மக்களுக்கு உரியது. நாம் பின்தொடரப்போகும் மெட்டுகள் இம்மூன்றாம் உறுப்பிலேயே குடியிருக்கின்றன.

இவ்விசையை எழுதியோர் இன்று நாம் கலைஞர் என்னும் சொல்லால் கருதும் தனிப்பெருமையோடு வாழ்ந்தவர் அல்லர். நகர மன்றத்திடமோ சிற்றரசரிடமோ சம்பளம் பெற்ற ஊழியர். வாரந்தோறும் புதிய இசை எழுதி, படி எடுத்து, பயிற்றுவித்து, ஞாயிறன்று நடத்தவேண்டும். 1723-ஆம் ஆண்டு லைப்சிக் நகரப் பணியேற்ற யோகான் செபஸ்தியான் பாக் எழுதியவற்றுள் ஏறத்தாழ இருநூறு திருச்சபைக் காண்டாட்டாக்கள் எஞ்சியுள்ளன. அவர் காலத்தவரான டெலமான் ஆயிரத்திற்கு மேல் எழுதினார். டார்ம்ஸ்டாட் அரண்மனையில் பணிபுரிந்த கிரௌப்னர் எழுதியவை ஆயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்டவை. இவற்றுட் பெரும்பாலானவை ஒரு முறையோ சில முறையோ ஒலித்துவிட்டு அலமாரிக்குள் அடங்கின.

இவ்வடிவத்திற்குச் சொல்லமைத்துக் கொடுத்தவர்களுள் தலையாயவர் எர்ட்மான் நொய்மைஸ்டர் என்னும் போதகர். நாடக மேடையின் இசைமுறையைத் தேவாலயத்திற்குள் கொண்டுவரத் துணிந்தவர் அவர். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட பாடல்களை டெலமானும் பாக்கும் இசையமைத்தனர். ஆனால் ஜெர்மானியச் சபையில் வேறொரு சாராரும் இருந்தனர். ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியாரின் தலைமையில் வளர்ந்த பக்தி இயக்கத்தார் அவர்கள். உள்ளத் தூய்மையும் எளிய பாட்டும் போதும், ஆலயத்தில் நாடக இசை ஆகாது என்பது அவர்தம் கொள்கை. நொய்மைஸ்டர் இவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

இப்பூசலுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். தொடர்பு நேரானதே. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இருவரும் ஹாலே இயக்கத்தின் மாணவர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப் பெற்றவர். இத்தகைய அயல்நாட்டுப் பணியையும் நொய்மைஸ்டர் விட்டுவைக்கவில்லை. இறைவன் ஒருவனை எங்கே வைத்தானோ அங்கேயே அவன் இருத்தல் வேண்டும் என்னும் கருத்துப்பட 1722-ஆம் ஆண்டு அவர் பேசினார். வயிற்றுப் பாட்டிற்காகவோ பணி மாற்றத்தாலோ பிறந்த ஊர்விட்டு வந்த நம்மவர்க்கு இவ்வறிவுரை சற்று நகைப்பையே தரும்.

ஆக, காண்டாட்டாவின் சொல்லாசிரியர் கப்பலேறுதலை வெறுத்தார். கப்பலேறியவர்களோ காண்டாட்டாவின் ஆடம்பரத்தை விரும்பாத மரபினர். ஆதலின் அப்பேரிசை தரங்கம்பாடிக்கு வரவில்லை. அதன் உயிர்நிலையான சபைப்பாட்டு மட்டும் தனியே பிரிந்து வந்தது. வாத்தியக் குழுவின் துணையின்றியும் பாடக்கூடியது அதுவே; ஏழைச் சிறுவரும் கற்கக்கூடியதும் அதுவே.

வந்தவர்கள் விரைந்து தமிழ் கற்றனர். 1713-இல் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. 1715-இல் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் அச்சேறி முடிந்தது. அவ்வாண்டிலேயே ஜெர்மன் மெட்டுகளிற் பாடத்தக்க தமிழ்ப் பாட்டு நூலொன்றும் அங்கு அச்சாயிற்று. பாக் லைப்சிக்குக்கு வருவதற்கு எட்டாண்டுகள் முன்பே, அவர் பிற்காலத்தில் கையாளவிருந்த சபைப்பாட்டு மரபு காவிரி கடலொடு கலக்கும் நாட்டில் தமிழில் ஒலித்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்புப் பிறக்கின்றது.

பயணம் ஒருவழிப் பயணமும் அன்று. சீகன்பால்கு 1714-இன் இறுதியில் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழரையும் உடனழைத்துச் சென்றார். 1716-இல் ஹாலேயில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் அச்சிடப்பெற்றது. அந்த ஹாலே இசைக்கும் பேர்பெற்ற நகரம். ஹாண்டெல் பிறந்த ஊர். அவருக்கு ஆசிரியராயிருந்த சாஹோ 1712-இல் மறைந்தபின், அப்பதவிக்குப் பாக் அழைக்கப்பட்டு, பின்னர் மறுத்துவிட்டார். தமிழ் இலக்கணமும் பரோக் இசையும் ஒரே நகரத்தில் சில தெருக்கள் இடைவெளியில் உருவாகிக் கொண்டிருந்த காலம் அது.

இனி, ஜெர்மன் மெட்டிற்குத் தமிழ்ச்சொல் அமைத்தல் எத்துணைக் கடினம் என்பதைச் சற்று நோக்குவோம். நாள்தோறும் கோப்புகளை மொழிபெயர்த்து வயிறு வளர்க்கும் என் போன்றோர்க்கு வாக்கியம் நீண்டால் தாளில் இடம் உண்டு. மெட்டிற்கு மொழிபெயர்ப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. ஒரு சுரத்திற்கு ஓர் அசையே கணக்கு. ஜெர்மன் மொழியில் 'காட்' என்று ஓரொலியில் இறைவனைச் சொல்லிவிடலாம். தமிழிற் 'கடவுள்' என மூன்றொலி வேண்டும். 'கடவுளுடைய' என்று வேற்றுமை உருபு சேர்ந்தாலோ ஆறொலி ஆகிவிடும். வரியின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துபோம்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஜெர்மன் பாட்டு அழுத்தத்தால் நடப்பது. தமிழ்ப் பாட்டு குறில் நெடிலால் நடப்பது. குறுகிய சுரத்தின்மேல் நெடிலை ஏற்றினால் அது குறிலாய் ஒலிக்கும். நீண்ட சுரத்தின்மேல் குறிலை ஏற்றினால் நெடிலாய்விடும். 'பாடு' என்று எழுதியது 'படு' என்று கேட்கும். 'கல்' என்றது 'கால்' ஆகும். பொருளே திரிந்துவிடும். மேலும், ஜெர்மன் வரிகள் ஈற்றில் ஒலியொத்து முடிவன. தமிழ்ச் செவியோ அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் தேடுவது. அவற்றுள் பல மெட்டுகள் தாளத்திற்கு முன்னரே ஒரு மெல்லிய சுரத்தில் எடுப்பன. எதுகை தங்கும் இடமே அங்கு வலுவிழந்து நிற்கும்.

இத்துணை இடர்களையும் ஏற்று உழைத்தவர்களுள் பப்ரிசியஸ் குறிப்பிடத்தக்கவர். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் வாழ்ந்து, 1791-இல் அங்கேயே மறைந்தவர். வேப்பேரி அச்சகத்தில் 1779-இல் தமிழ் அகராதி வெளியிட்டவரும் அவரே. அவர் பெயர்த்த ஞானப்பாட்டுகளில் ஈற்றொலி ஒத்து வரும். சொற்கள் எளியனவாய் இருக்கும். யாப்பிலக்கணத்திற் பழகிய புலவர் செவிக்கு அவை நெருடலாம். ஆனால் பல தலைமுறையினர் அவற்றை மனப்பாடமாகப் பாடி வந்துள்ளனர். மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்கு இதனினும் உயர்ந்த விருது வேறில்லை.

தமிழ்மண் அயல் மெட்டை ஏற்றதோடு நின்றுவிடவும் இல்லை. 1774-இல் நெல்லையிற் பிறந்து, இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பெற்று, பின்னாளில் அரசரான சரபோசியோடு உடன் பயின்றவர் வேதநாயக சாஸ்திரியார். ஹாலே மரபின் கல்வியைத் தரங்கம்பாடியிற் பெற்ற அவர், பாடத் தொடங்கியபோது தேர்ந்துகொண்டது நம்நாட்டுக் குறவஞ்சி வடிவத்தை. அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் விருத்தம் வரும், கீர்த்தனை வரும், கதை நகரும், கோள்கள் கதிரவனைச் சுற்றும் புதிய வானநூற் செய்தியும் வரும். பேச்சுப்போல் ஓடும் பகுதி, தனிப்பாட்டு, பலரும் சேர்ந்து பாடும் பகுதி என்னும் காண்டாட்டாவின் உறுப்புகளை இதனோடு ஒப்பிட்டால் ஒற்றுமை புலப்படும். பார்த்துச் செய்ததன்று அது. வேதப்பொருளை இசையால் விரிக்க முயன்ற இரு நாட்டாரும் தத்தம் நாட்டு மேடை மரபை நாடினர், அவ்வளவே. நொய்மைஸ்டர் இத்தாலிய நாடக இசையை நாடியவாறே, சாஸ்திரியார் குறவஞ்சியை நாடினார்.

அவ்விருவரையும் எதிர்த்த குரலும் ஒத்தே இருந்தது. புதிதாய் வந்த போதகர்கள் தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தில் தடுத்தபோது, 1829-ஆம் ஆண்டையொட்டிச் சாஸ்திரியார் முறையீடு எழுதினார். பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றுதல், மணவிழாவில் மலர்களை விலக்குதல், தமிழிசையை நீக்குதல் ஆகியவற்றை அவர் கொடுமைகளென எண்ணினார். அதே முறையீட்டில், ஆலயத்தில் சாதி வேறுபாடின்றி அமர்த்துவதையும் அவர் எதிர்த்தார் என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. இசையில் அகன்ற நெஞ்சம் மற்றொன்றிற் குறுகியிருந்தது. பின்வந்தோர் அவர் பாட்டைக் கொண்டு, அவ்வேற்றுமையைக் கொள்ளாது விடுதலே முறை.

இனி ஒரே ஒரு மெட்டினைப் பின்தொடர்ந்து பார்ப்போம். 1601-இல் ஹாஸ்லர் என்பார் ஒரு காதற்பாட்டிற்கு மெட்டமைத்தார். சில ஆண்டுகளில் அம்மெட்டு தேவாலயத்திற்குள் புகுந்தது. 1656-இல் பவுல் கெர்ஹார்ட் என்னும் புலவர், சிலுவையில் அறையுண்டவரின் காயமுற்ற தலையை நோக்கிப் பாடும் பழைய இலத்தீன் பாட்டொன்றை ஜெர்மனில் பெயர்த்து அம்மெட்டோடு இணைத்தார். அப்பாட்டு தமிழிலும் பெயர்க்கப்பட்டு, பெரிய வெள்ளி வழிபாட்டிற் பாடப்பெறுகின்றது. இலத்தீன், ஜெர்மன், தமிழ் என மூன்று மொழிகளைக் கண்ட பாட்டு அது. காதலிற் பிறந்து துயரத்திற் புகுந்த மெட்டு அது.

பாக் தம் மத்தேயு பாடுகளின் பேரிசையில் இம்மெட்டைப் பலமுறை எடுத்தாண்டுள்ளார், அது உலகறிந்தது. அவருடைய அறியப்பெறாத காண்டாட்டாக்கள் சிலவற்றிலும் இது மறைந்து உறைகின்றது. பாக்கின் படைப்புகளுக்கு அறிஞர் இட்ட வரிசையெண்ணில் 135 ஆம் காண்டாட்டாவைக் கேட்கலாம். 1724-இல் எழுதப்பட்ட அதன் முதற்பகுதியில் மெட்டு மேற்குரலில் இராது. அடித்தளத்து ஆண்குரலில் ஆழ்ந்து நடக்கும். வைமார் நகரில் வாழ்ந்தபோது எழுதிய 161 ஆம் எண்ணில், மரணத்தை இனிதென அழைக்கும் ஒரு குரலைச் சுற்றி இரு குழல்கள் இழையும். அப்போது ஆர்கன் வாத்தியம் சொல்லின்றி இம்மெட்டைத் தனியே வாசித்துச் செல்லும். 1729-ஐ ஒட்டிய 159 ஆம் எண்ணில், ஒரு குரல் 'உடன் வருவேன்' என்னும் கருத்தமைந்த தனிப்பாட்டைப் பாடுகையில், வேறொரு குரல் கெர்ஹார்டின் பாட்டை அதன்மேல் நெய்யும். சிறு வயதில் பெரிய வெள்ளிப் பாட்டைத் தமிழிற் கேட்டுப் பழகியவர், ஜெர்மனில் ஒரு சொல்லும் அறியாராயினும், இம்மூன்றிலும் அதனைத் தேடிக் கண்டுகொள்ளலாம். கூட்டத்தில் சொந்த ஊர்க்குரல் ஒன்று காதில் விழுந்தாற்போன்ற மகிழ்ச்சி அப்போது உண்டாகும்.

இத்தகைய இன்பம் நமக்கு எட்டியது இசைத்தட்டுகளால். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாக்கின் காண்டாட்டாக்களிற் சிலவே பதிவாயின. 1971-இல் ஹார்னன்கூர்ட், லியோன்ஹார்ட் என்னும் இருவர், அக்காலத்து வாத்தியங்களையும் சிறுவர் குரல்களையும் கொண்டு அனைத்தையும் பதிவு செய்யத் தொடங்கி 1989-இல் முடித்தனர். பின்னர் ஆசியாவிலும் அம்முயற்சி எழுந்தது. ஜப்பானியர் மசாக்கி சுசுக்கி 1995-இல் கோபே நகரில் தொடங்கி, ஐம்பத்தைந்து தொகுதிகளாக 2013-இல் நிறைவு செய்தார். தம் தாய்மொழி அல்லாத மொழியில் இத்துணைத் தெளிவாகப் பாடலாகுமெனக் காட்டியது அப்பணி.

கிரௌப்னரின் கதை இன்னும் கருத்தைக் கவர்வது. லைப்சிக் பதவி பாக்குக்கு முன்னர் அவருக்கே தரப்பட்டது. அவருடைய அரசர் விடுவிக்க மறுத்ததால் அவர் போகவில்லை. 1760-இல் அவர் இறந்தபின், கையெழுத்துப் படிகள் குடும்பத்திற்கா அரண்மனைக்கா என்று வழக்கு நீண்டது. அரண்மனையே வைத்துக்கொண்டது. அதனால் அவை சிதறாமல் டார்ம்ஸ்டாட் நூலகத்தில் ஒருசேரத் தங்கின. பின்னாளில் மான்ட்ரியால் நகரத்து இசைவாணரான ஜெனவீவ் சோலி போன்றோர் அவற்றைத் தேடியெடுத்துப் பதிவு செய்தமையால், இருநூற்றைம்பது ஆண்டு உறங்கிய இசை விழித்தது.

அறியப்பெறாத இசையைத் தட்டில் ஏற்றிக் காக்கும் இப்பணிக்குக் கன்னட நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. மைசூர் மன்னர் ஜயசாமராஜ உடையார், இலண்டனில் வறுமையில் வாழ்ந்த மெட்னர் என்னும் உருசிய இசையறிஞரின் படைப்புகளைப் பதிவு செய்ய 1946 முதல் பொருளுதவி புரிந்தார். மெட்னர் தம் மூன்றாம் பியானோ இசைப்பேழையை அவருக்கே உரிமையாக்கினார். கருநாடக இசையிற் கீர்த்தனைகள் பல இயற்றியவரும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராய் இருந்தவரும், 1974-இல் பெங்களூரில் மறைந்தவரும் அவரே. எங்கோ உள்ள ஒருவரின் இசையும் தனக்குரியதே என்று எண்ணிய உள்ளம் அது.

இப்போது பெங்களூர்த் தமிழர்பால் வருவோம். 1809-இல் இங்குப் படைவீடு அமைந்தபோது, சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் வந்து தண்டுப் பகுதியிற் குடியேறினர். வந்தவருள் கிறித்தவர் தம் பாட்டு நூல்களையும் கொணர்ந்தனர். 1910-இல் தோன்றிய ஐக்கிய இறையியற் கல்லூரி போன்ற நிறுவனங்களால் பழைய ஏடுகளும் நூல்களும் போற்றப்படுகின்றன. எனவே பாட்டின் சொற்களுக்கு அழிவில்லை; அவை அச்சில் உள்ளன. மெட்டின் சுரங்களுக்கும் அழிவில்லை. அவை ஜெர்மானிய நூல்களில் உள்ளன.

ஆனால் எந்நூலிலும் இல்லாதது ஒன்றுண்டு. தமிழ்ச் சபையின் முதியவர்கள் அம்மெட்டைப் பாடும் முறையே அது. ஜெர்மானியர் நேராக நிறுத்தும் சுரத்தை அவர்கள் சற்றே அசைப்பர். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் வழுக்கிச் செல்வர். வரியீற்றில் மூச்சு அடங்கும்வரை தங்குவர். 'பாடு' என்பது 'படு' ஆகாதவாறு தாளத்தையே ஒரு கணம் நிறுத்தி நெடிலைக் காப்பர். மொழிபெயர்ப்பாளர் தாளில் தீர்க்க இயலாத சிக்கலைப் பாடுவோர் குரலிலே தீர்த்துவிட்டனர். முந்நூறாண்டுப் பழக்கத்தின் விளைவு இது. கிரௌப்னரின் தாள்களைக் காக்க ஓர் அலமாரி இருந்தது. இதற்கோ முதியவர் நினைவன்றி வேறு அலமாரி இல்லை.

வேற்று மாநிலத்திற் பிறந்து வளரும் பேரப்பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுகின்றனர். தமிழ் படிப்போர் அவரினும் குறைவு. படிக்கத் தெரியாத பிள்ளையும் கேட்டுப் பாடமுடியும். ஆதலின், இல்லந்தோறும் கைப்பேசியே பதிவுக் கருவியாகிவிட்ட இந்நாளில், தாத்தா பாட்டியரை அமர்த்தி, அவர்கள் அறிந்த பழைய பாட்டுகளை, அஃது எம்மதத்துப் பாட்டாயினும் சரி, தாலாட்டோ ஒப்பாரியோ ஆயினும் சரி, பதிவு செய்து வைப்பது நம் கடன். பாடியவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார் என்னும் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லச் செய்தல் நலம்; பெயரற்ற ஒலி பின்வருவோர்க்குப் பாதியே பயன் தரும்.

ஹாஸ்லரின் காதல் மெட்டு கடல் கடந்து தமிழானதற்குப் பேரரசின் ஆணையோ பெருஞ்செல்வமோ மட்டும் காரணமன்று. ஒவ்வொரு துறையிலும் அதனைக் கேட்டு, மனத்தில் வாங்கி, அடுத்தவர்க்குப் பாடிக் காட்டிய எளிய மக்களே காரணம். அவ்வரிசையில் இன்று நிற்பவர் நாம்.